பத்திரிகை வைத்தும் போகாத கல்யாணம்

1950-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துக்கு இந்தியா ஏன் போகவில்லை? ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் கேட்டாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "பூட்ஸ் போடாம ஆட விட மாட்டேன்னுட்டாங்கண்ணே." கேட்டவர் உச்சுக்கொட்டி முடிப்பதற்குள் அடுத்த வரியும் வந்துவிடும்: "நம்ம பயலுக வெறுங்கால்ல அடிச்சா அவன் தாங்குவானா? அந்தப் பயந்தான்!"

இந்த இரண்டு ஊரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனாலே அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு ராஜபாளையம் என்பது நேற்று மில் வைத்துக் காசு பார்த்த ஊர். ராஜபாளையத்துக்காரருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்பது கோர்ட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பால்கோவா வாங்குகிற ஊர். ஆண்டாள் கோயில் கோபுரந்தான் தமிழக அரசு முத்திரையில் இருக்கிறது என்று ஒருவர் மார்தட்டினால், "மதுரைக்காரங்க அது எங்க மேலக் கோபுரம்ங்கிறாங்களே, முதல்ல அந்தப் பஞ்சாயத்த முடிச்சிட்டு வாங்க" என்பார் இன்னொருவர். அப்பேர்ப்பட்ட இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு கதையை நம்புகிறது என்றால், அந்தக் கதையைக் கொஞ்சம் உதறிப் பார்ப்பதில் தப்பில்லை.

உதறினால் முதலில் விழுவது, நாம் தகுதி பெற்ற லட்சணம். ஆசியாவுக்கென்று ஒரு பிரிவு ஒதுக்கியிருந்தார்கள். இந்தியா, பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று நான்கு பேர். பர்மா வரவில்லை என்றது. இந்தோனேசியா வரவில்லை என்றது. பிலிப்பைன்ஸும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது. மிச்சம் யார்? நாம். ஒரு பந்தை உதைக்கவில்லை, ஒரு கார்னர் எடுக்கவில்லை, ஒருவருக்கும் முட்டி பெயரவில்லை. பஞ்சாயத்துத் தேர்தலில் போட்டியின்றித் தேர்வானவர்போல் உலகக் கோப்பைக்குள் போய் உட்கார்ந்துவிட்டோம். மே 22-ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவில் குலுக்கிப் போட்டதில் நம் பிரிவில் வந்தவர்கள் இத்தாலி, சுவீடன், பராகுவே. இத்தாலி 1934, 1938 இரண்டு கோப்பையும் வாங்கிய வீடு. சுவீடன் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய வீடு. பராகுவே எங்கே இருக்கிறது என்று நம் ஊரில் அட்லஸைப் புரட்டியிருப்பார்கள்.

பிரேசில்காரர்கள் நம்மை எப்படியாவது வரவழைக்க வேண்டும் என்று பார்த்தார்கள். மகாயுத்தத்தால் பன்னிரண்டு வருஷம் நின்றுபோயிருந்த போட்டி அது. ஆளாளுக்கு விலகிக்கொண்டிருந்ததால் அவர்களுக்குக் கை நடுக்கம். பயணச் செலவில் பெரும்பங்கை நாங்களே ஏற்கிறோம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். நம் ஊர் வழக்கத்தில் சொன்னால், பத்திரிகை வைத்தார்கள். மொய் வேண்டாம் என்றார்கள். வண்டிச்சத்தமும் நாங்களே தருகிறோம், வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மட்டும் போங்கள் என்றார்கள். இதற்கு மேல் ஒரு சம்பந்தி என்ன செய்ய முடியும்?

நாம் போகவில்லை.

போகாத வீட்டில் காரணம் கேட்டால் ஒன்றா வரும்? ஆளுக்கொன்று வரும். பெரியவருக்கு முட்டுவலி, சின்னவனுக்குப் பரீட்சை, பசு கன்று போடுகிற நேரம், போன தடவை அவர்கள் வீட்டில் பாயசம் சரியில்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் இந்த வழக்கப்படியே நடந்துகொண்டது. அணியைத் தேர்ந்தெடுப்பதில் கருத்து வேறுபாடு, பயிற்சி எடுக்க நாள் போதாது என்பது அவர்கள் சொன்ன காரணம். கப்பலில் அத்தனை தூரமா என்பது சொல்லாமல் சொன்ன காரணம். அந்நியச் செலாவணிக்கு நாடே கையைப் பிசைந்துகொண்டிருந்த காலம் அது என்பது பிறகு வந்தவர்கள் எடுத்துக் கொடுத்த காரணம். காசு வாங்கி ஆடுகிறவர்களோடு கலந்தால் நம் பையன்களை ஒலிம்பிக்கில் சேர்க்காமல் போய்விடுவார்களோ என்ற பயமும் இருந்தது என்பார்கள். இத்தனைக்கும் நடுவில் உண்மையை உடைத்தவர் சைலன் மன்னா. அந்த அணி போயிருந்தால் தலைமை தாங்கியிருக்க வேண்டியவர் அவர்தான். பல வருஷம் கழித்து அவர் சொன்னதன் சாரம் இது: உலகக் கோப்பை என்று ஒன்று இருப்பதே எங்களுக்குச் சரியாகத் தெரியாது, ஒலிம்பிக்தான் எங்களுக்கு எல்லாமே. பூட்ஸ் கதையை அவர் ஒதுக்கியே தள்ளினார்.

அவ்வளவுதான் விஷயம். அது முக்கியமான கல்யாணம் என்று நம் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

இனி ராஜபாளையத்துக்காரர்களுக்கு வயிறெரிகிற தகவல் ஒன்று. போட்டி நடந்த அந்த ஜூன் மாதம் சென்னை மாகாணத்தை ஆண்டவர் எந்த ஊர்? பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா. நம்ம ஊர். 1949 ஏப்ரலில் நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்தப் பதவிக்குப் பெயர் 'பிரதமர்'. 1950 ஜனவரி 26-இல் குடியரசு வந்ததும் அதே நாற்காலி 'முதலமைச்சர்' ஆகிவிட்டது. மாகாணமோ வடக்கே ஸ்ரீகாகுளம் முதல் மேற்கே மலபார் வரை விரிந்து கிடந்தது. தெலுங்கு பேசுகிறவர்கள் தனி மாகாணம் கேட்கிறார்கள். ராஜாவுக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். யார் பக்கம் திரும்பினாலும் இன்னொருவருக்குக் கோபம். இதற்கு மேல் அரிசித் தட்டுப்பாடு, ரேஷன், மதுவிலக்கு. "ஐயா, பிரேசில்ல பந்து விளையாட்டாம், இந்தியாவையும் கூப்பிட்டிருக்காங்களாம்" என்று யாராவது போய்ச் சொல்லியிருந்தால், "பிரேசில்ல அரிசி மிச்சமா இருக்கான்னு கேளுங்க" என்றுதான் அவர் கேட்டிருப்பார் என்பது என் ஊகம். கால்பந்து அவர் இலாகாவும் இல்லை. சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த மனுஷர்; கேட்கிற விதத்தில் கேட்டிருந்தால் ஒரு பந்தாவது வாங்கிக் கொடுத்திருப்பார். யாரும் கேட்கவில்லை. 1952 தேர்தலில் ஜனங்கள் அவரையே தோற்கடித்தார்கள். உலகக் கோப்பைக்குப் போகாத கோபம் அதில் ஒரு ஓட்டுக்கும் இருந்திருக்காது.

சரி, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பயணத் திட்டம் போடுகிற பொறுப்பை மட்டும் சம்மேளனத்திடமிருந்து பிடுங்கி, நம் இரண்டு ஊர் கையில் கொடுத்திருந்தால்?

சிரிக்காதீர்கள். வெளியூர்ப் பயணத்தைப் பிசகாமல் நடத்துவதில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இருக்கிற அனுபவம் எந்தச் சம்மேளனத்துக்கும் கிடையாது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வருஷம் தவறாமல் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது. சித்திரையில் அழகர் வைகையில் இறங்க வருகிறார் என்றால், அதற்கும் மாலை மதுரை போய்ச் சேர்ந்துவிடுகிறது. கூடவே இலைகளைக் கட்டிச் செய்த கிளி வேறு. 'பயிற்சிக்கு நாள் போதவில்லை' என்று மாலை ஒரு வருஷமாவது நின்றதா? 'தேர்வில் கருத்து வேறுபாடு' என்று கிளி மக்கர் செய்ததா? ஆண்டாளே என்ன செய்தாள்? அரங்கன் வரச் சொன்னான் என்று தகவல் வந்ததும் பல்லக்கைக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் கிளம்பிவிட்டாள். பெரியாழ்வார் பயணப்படிக்குக் கமிட்டி போட்டதாகக் குருபரம்பரையில் எங்கும் இல்லை.

ஆகவே ஏற்பாடு முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூர், செலவு முழுக்க ராஜபாளையம் என்று தீர்மானம் போட்டாகிறது. இங்கேயே முதல் சண்டை. "காசு எங்களது, பேர் உங்களதா?" என்று மில்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கி, பிறகு அந்தப் பஞ்சாலையிலிருந்து ஒரு ஊரே எழுந்து நின்ற கதையை ஒருவர் ஆதியோடந்தமாகச் சொல்லி முடிப்பதற்குள் பிரேசிலில் முதல் ஆட்டத்தின் இடைவேளை வந்துவிடும் என்பதால், அந்தப் பேச்சைக் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போகிறார்கள்.

அடுத்தது தேதி. குலுக்கல் நடந்தது மே 22. போட்டி தொடங்குவது ஜூன் 24. கையில் முப்பத்து மூன்று நாள். கிளம்ப வேண்டியது வைகாசியில். "வைகாசி முகூர்த்த மாசம்லா? கல்யாணச் சாப்பாட்டை விட்டுட்டு எவன் கப்பல் ஏறுவான்?" என்கிறார் ஒரு பெரியவர். ஆட்டங்கள் முழுக்க ஆனியில். அது பரவாயில்லை. இறுதி ஆட்டம் ஜூலை 16; ஆடி பிறக்கிற வேளை. "ஆடியில பிரயாணம் ஆகாதே" என்று ஒருவர் இழுக்க, "அணியில புது மாப்பிள்ளை யாரும் இருந்தா ஆடியில அவன் வீட்டுக்கு வரவே கூடாது, ரியோவுலயே கெடக்கட்டும்" என்று இன்னொருவர் முடித்துவைக்கிறார். ஆடிப்பூரத்துக்குள் ஊர் வந்து சேர முடியுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கப்பல்காரன் நம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

மூன்றாவது, வழி. ராஜபாளையம் ஸ்டேஷனில் மீட்டர் கேஜ் வண்டி ஏறுகிறார்கள். தென்காசிக்கும் விருதுநகருக்கும் தண்டவாளம் போட்டது 1927-இல். எனவே வண்டிக்குக் குறைவில்லை. 'தெற்கு ரயில்வே' என்ற பெயர் பிறக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. பெட்டியில் தென்னிந்திய ரயில்வே என்றுதான் எழுதியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலை மரியாதை, கிளி, பால்கோவா. விருதுநகரில் வண்டி மாற்றம். எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்கு ஜட்காவில் போய், பம்பாய் வண்டி. பம்பாயில் கப்பல். ஏடன், சூயஸ், மத்தியதரைக் கடல் என்று இத்தாலிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து தென்னமெரிக்காவுக்கு இன்னொரு கப்பல். ஆகாய மார்க்கமும் இருக்கத்தான் செய்தது. ஏர் இந்தியா இன்டர்நேஷனல் 1948 ஜூன் 8 முதல் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டனுக்குப் பறந்துகொண்டிருந்தது. ஆனால் லண்டனுக்கு அப்பால் அட்லாண்டிக் கிடக்கிறது. பதினெட்டு இருபது பேருக்கு அந்த டிக்கெட் விலையைக் கூட்டிப் போட்டால், நிதி கொடுப்பதாகச் சொன்ன மில்காரர்களே அரிசி ரேஷன் வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

இந்த இத்தாலி வழியில்தான் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. நம் பிரிவிலிருந்த இத்தாலி அணியும் அந்த வருஷம் கப்பலில்தான் போனது. காரணம் வேடிக்கையானதில்லை. 1949 மே 4-ஆம் தேதி டூரின் நகருக்குப் பக்கத்தில் சுபெர்கா மலையில் விமானம் மோதி டொரினோ அணி மொத்தமும் இறந்துபோயிருந்தது. இத்தாலியின் நல்ல ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் அந்த விமானத்தில்தான் இருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் விமானம் என்றாலே நடுங்கினார்கள். எனவே ஜூன் தொடக்கத்தில் நேப்பிள்ஸில் கப்பல் ஏறினார்கள். மேல்தளத்தில் பயிற்சி செய்தபோது பந்துகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போய், பாதி வழியிலேயே பந்து தீர்ந்துபோனது என்று ஒரு கதை உண்டு. ராஜபாளையம் கமிட்டி மட்டும் சுதாரிப்பாகத் திட்டம் போட்டிருந்தால் நம் ஆட்களும் அதே கப்பலில் ஏறியிருக்கலாம். இத்தாலிக்காரருக்கு ஊறுகாய் கொடுத்துச் சிநேகம் பிடித்திருக்கலாம். பந்து தீர்ந்த பிறகு, அட்லாண்டிக்கின் நடுவில், கபடி சொல்லிக் கொடுத்திருக்கலாம். உலகச் சாம்பியன்களைச் சாகசமாக முட்டி பெயர்த்து சான்டோஸில் இறக்கியிருக்கலாம்.

சாப்பாட்டுக் கமிட்டியின் கதை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பத்துத் தூக்குப் பால்கோவா என்றார்கள். மரக்கட்டை அடுப்பில் மணிக்கணக்காகக் கிண்டியதுதான், ஆனால் பால்கோவா ஏடனைத் தாண்டாது, சூயஸில் புளித்துவிடும் என்பது ராஜபாளையத்தின் கட்சி. புளியோதரை, முறுக்கு, மாவடு, நார்த்தங்காய் என்று ஒரு சமரசம் ஏற்பட்டது. மாம்பழம் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும் ராஜபாளையம் ஒரே குரலில் "சப்பட்டை" என்றது. கப்பலில் பத்து நாளைக்கு மேல் மாம்பழ வாசனை வந்தால் மாலுமிகள் கலகம் செய்வார்கள் என்பதால் அதுவும் தள்ளுபடி.

கோல்கீப்பர் விஷயத்துக்கு வருவோம். ராஜபாளையம் நாயை நிறுத்தினால் என்ன என்று ஒருவர் கேட்டார். வெள்ளை வெளேரென்ற உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, வேட்டைக்குப் பழகிய வம்சம். வீட்டு எல்லைக்குள் அன்னியன் கால் வைத்தால் விடாது. பெனால்டி ஏரியாவை அதற்குக் காட்டிக் கொடுத்தால் போதும். சட்டப்புத்தகத்தில் கோல்கீப்பருக்கு இத்தனை கால்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். ஆனால் இந்த வம்சத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நடுவர் விசில் ஊதியதும் எல்லாரும் நின்றுவிடுவார்கள், நாய் மட்டும் சுவீடன்காரனைத் துரத்திக்கொண்டே இருக்கும். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான் என்று வாதித்தவர்களும் உண்டு.

கடைசியாகப் பூட்ஸ்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் பையன்கள் ஆடியது பிரான்சோடு. ஜூலை 31, இல்ஃபோர்டு மைதானம். பெரும்பாலானோர் வெறுங்காலில், சிலர் பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடினார்கள். ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். இரண்டு பெனால்டியைத் தவறவிட்டுத் தோற்றோம் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அது எப்பேர்ப்பட்ட ஆட்டம் என்பது விளங்கும். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அன்று அடித்தவர் சாரங்கபாணி ராமன். கும்பகோணத்துப் பெருமாளும் அயோத்திப் பெருமாளும் சேர்ந்த பெயர். ஆனால் ஆடியது மைசூருக்கு. நம் மாகாணம் சொந்தம் கொண்டாட வழியில்லை. மன்னாவின் காலில் இரும்பு ஏதும் வைத்திருக்கிறதா என்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் கால்சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார் என்றும் ஒரு கதை உலவுகிறது. நம்பினாலும் நஷ்டமில்லை.

பாதத்தில் சுற்றிய துணி என்றதும் என் கை தானாகவே சத்திரப்பட்டிப் பக்கம் நீளுகிறது. இன்று ராஜபாளையத்தை ஒட்டியிருக்கிற அந்த ஊரில் வீட்டுக்கு வீடு தறி, தறிக்குத் தறி பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிக்குப் பெயர் போன ஊர். உலகமே அடிபட்டால் நம்மிடம்தான் வர வேண்டும். இந்திய அணி தொடர்ந்து துணி சுற்றிக்கொண்டே ஆடியிருந்தால், நைக்கி, அடிடாஸ் எல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஸ்பான்சர் சத்திரப்பட்டியிலிருந்து வந்திருக்கும். சட்டையில் பெயர் போட வேண்டியதில்லை. காலில் சுற்றிக்கொண்டாலே விளம்பரம்.

பூட்ஸ் இல்லாததால் ஃபீஃபா தடுத்தது என்ற கதைக்கு ஒரே ஒரு கேள்வி போதும். தடுத்தார்கள் என்றால், இரண்டு வருஷம் கழித்து 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அதே நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலில் எப்படி இறங்கினார்கள்? யார் விட்டார்கள்? பூட்ஸ் போடாததுதான் குறை என்று பிரேசில்காரர்கள் நினைத்திருந்தால், பயணச் செலவுக்குப் பணம் தருகிறேன் என்றவர்கள் நாலு ஜோடி பூட்ஸுக்கா கணக்குப் பார்த்திருப்பார்கள்? ஆனாலும் இந்தக் கதைதான் நிலைத்தது. முட்டுவலி, பரீட்சை, பசு கன்று எல்லாம் காலப்போக்கில் மறந்துபோய், வீட்டில் யாருமே சொல்லாத ஒரு காரணம் ஊர் வாயில் நின்றுவிட்டது. அதில் நமக்கு வசதியும் இருக்கிறது. 'சோம்பலாக இருந்தது, அதனால் போகவில்லை' என்பதைவிட, 'எங்கள் கால்களைக் கண்டு உலகம் பயந்துவிட்டது' என்பது கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

நாம் மட்டுமா போகவில்லை என்று யாராவது கேட்டால் அதுவும் நியாயம். ஸ்காட்லாந்துக்கு இடம் தயாராக இருந்தது. பிரிட்டனுக்குள் நடந்த போட்டியில் முதலிடம் வந்தால்தான் போவோம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, இரண்டாமிடம் வந்ததும் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். துருக்கி விலகியது. பிரான்சைப் பிறகு கூப்பிட்டார்கள். ஒரு ஆட்டம் போர்ட்டோ அலெக்ரேயில், அடுத்தது ரெசிஃபேயில் என்று பார்த்ததும், கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்குமாக அலைய எங்களால் ஆகாது என்கிற பாணியில் அவர்களும் கும்பிடு போட்டுவிட்டார்கள். போர்ச்சுகலும் வரவில்லை. பதினாறு அணிகள் ஆட வேண்டிய போட்டியில் கடைசியில் பதின்மூன்றுதான். ஒரு பிரிவில் உருகுவே, பொலிவியா இரண்டே பேர். உருகுவே பொலிவியாவை எட்டுக்குப் பூஜ்யம் அடித்தது. அந்த ஒரே ஆட்டத்தில் அடுத்த சுற்றுக்குப் போனது. கடைசியில் கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனது. ஜூலை 16-ஆம் தேதி மரக்கானா மைதானத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பிரேசில்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, உருகுவே 2, பிரேசில் 1. ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக் காலையிலிருந்து கொண்டாடிக்கொண்டிருந்த ஊர் சாயங்காலம் அழுதது.

நம் பிரிவில் நாம் இல்லாமல் மூன்று பேர். கப்பலில் பந்தைத் தொலைத்துவிட்டு உடம்பு கனத்து வந்து இறங்கிய இத்தாலி, ஜூன் 25-இல் சுவீடனிடம் இரண்டுக்கு மூன்று என்று தோற்றது. பராகுவேயை ஜெயித்தும் பிரயோஜனமில்லை, உலகச் சாம்பியன்கள் மூட்டை கட்டினார்கள். சுவீடனுக்கும் அப்போது நிலைமை சரியில்லைதான். அதன் நல்ல ஆட்டக்காரர்களை இத்தாலிய கிளப்புகள் காசு கொடுத்துக் கொத்திக்கொண்டு போயிருந்தன. மிச்சமிருந்தவர்களை வைத்தே மூன்றாமிடம் வந்தது. இவர்களுக்கு நடுவில் நாம் போய் நின்றிருந்தால்? வாங்கிக் கட்டிக்கொண்டிருப்போம். இதில் எனக்கு மயக்கமே இல்லை. ஆனால் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களையும் அந்தப் போட்டி மறக்கவில்லை. எட்டு கோல் வாங்கிய பொலிவியாவின் பெயர் அட்டவணையில் அப்படியே இருக்கிறது. பெலோ ஹொரிசான்டேயில் ஜூன் 29-ஆம் தேதி அமெரிக்கா இங்கிலாந்தை ஒன்றுக்குப் பூஜ்யம் வென்றது. அந்தக் கோலை அடித்த ஜோ கேட்ஜன்ஸ், ஹெய்ட்டியிலிருந்து நியூயார்க்குக்குப் படிக்க வந்து, ஓட்டலில் பாத்திரம் கழுவிக் கொண்டிருந்தவர். பாத்திரம் கழுவுகிறவர் இங்கிலாந்தைக் கவிழ்க்கிற ஊரில், வெறுங்காலோடு பிரான்சைத் திணறடித்தவர்களுக்கும் ஒரு சாயங்காலம் அமைந்திருக்காதா? குறைந்தபட்சம் அந்த உடம்பு கனத்த இத்தாலிக்காரர்களையாவது கொஞ்சம் ஓட விட்டிருக்கலாம்.

அடுத்த வருஷமே நமக்கு ஒரு தங்கம் கிடைத்தது. 1951 ஆசிய விளையாட்டுப் போட்டி, டெல்லி. இறுதியில் ஈரானை ஒன்றுக்குப் பூஜ்யம் வென்றோம். கோல் அடித்தவர் மேவாலால். கப்பல் இல்லை, சூயஸ் இல்லை, அந்நியச் செலாவணி இல்லை. மாப்பிள்ளை நம் வாசலுக்கே வந்த கல்யாணம் என்பதால் யாருக்கும் முட்டுவலி வரவில்லை. நம்மால் எதுவும் முடியும் என்ற மிதப்பில் 1952-இல் ஹெல்சிங்கி போனோம். எதிரில் யூகோஸ்லாவியா. குளிர். பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றையாவது அகமது கான் கடைசி நேரத்தில் அடித்துக் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் சம்மேளனத்துக்கு ஞானம் பிறந்தது. இனிமேல் பூட்ஸ் கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள். பூட்ஸ் வாங்கினார்கள், மாட்டிக்கொண்டார்கள், கொப்புளம் வந்தது, பழகினார்கள். 1954-இல் சுவிட்சர்லாந்தில் அடுத்த உலகக் கோப்பை வந்தது. இந்த முறை யாரும் வந்து பத்திரிகை வைக்கக் காத்திருக்காமல் நாமாகவே வருகிறோம் என்று மனு போட்டோம்.

ஃபீஃபா மனுவை ஏற்கவில்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஓர் ஆட்டமாவது ஆடிப் பார்க்க நமக்கு 1985 ஆயிற்று.